மாமனார் ஊடு எந்தப் பக்கமுங்க?

வண்டியை ஸ்டாண்டில் போட்டு, ஹேண்டிலிலிருந்து கையை எடுப்பதற்குள் அந்த மெக்கானிக்கிடமிருந்து முதல் கேள்வி வந்துவிடும்.

"மாமனார் ஊடு எந்தப் பக்கமுங்க?"

கிளட்ச் வழுக்குகிறது, கீர் விழவில்லை, கிக்கர் திரும்பி அடிக்கிறது என்று எதைச் சொல்ல வந்தவனாக இருந்தாலும் சரி, மாமனாருக்குப் பதில் சொன்ன பிறகுதான் வண்டிக்கு வர முடியும். கல்யாணமாகாதவன் என்றால் அக்காளை எந்த ஊரில் கட்டிக்கொடுத்திருக்கிறது என்று கேட்பார். கோவிந்தாபுரத்தில் இந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று வெளியூர்க்காரனுக்கு விளங்காது. எங்களுக்கு நன்றாகவே விளங்கியது. அதனால்தான் அவ்வளவு எரிச்சல்.

எழுபதுகளின் நடுவில் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் கேரளம், ரேஷன் அரிசி. குண்டு குண்டாக இருக்கும், வடிக்கும்போதே ஒரு வாடை அடிக்கும். அந்தப் பக்கம் பொள்ளாச்சி ரோட்டில் கொஞ்ச தூரம் போனால் கிச்சிலிச் சம்பா கிடைக்கும். அதை ஒரு மூட்டை இந்தப் பக்கம் கொண்டுவந்தால் கடத்தல், வழக்கு. மாமனார் வீடு அந்தப் பக்கம் இருக்கிறவன் மட்டும் "பொண்ணு ஊட்டுல குடுத்தனுப்புனாங்க" என்று பையில் கொண்டுவருவான். நாளடைவில் பை மூட்டையாகும். ஆகவே அவர் மாமனாரை விசாரிக்கவில்லை. நீ அரிசி ஏற்றுகிறவனா என்று கேட்டார்.

எனக்கு மாமனார் வீடு ஆனைமலைப் பக்கம். அதைச் சொன்னதும் என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை பார்த்தார்.

"அப்படிங்களா" என்றார்.

அந்த ஒரு வார்த்தையிலேயே என்மேல் வழக்கு எழுதி முடித்துவிட்டது போலிருந்தது. எனக்கு எப்போதும் மூக்குக்கு மேலே கோபம். "நான் சர்க்கார் உத்தியோகத்துல இருக்கிறவனுங்க" என்றேன்.

"அதனாலதானுங்க கேக்கறேன்" என்றார் அவர்.

நான் அப்போது பக்கத்து ஊர் மிருகாஸ்பத்திரியில் லைவ்ஸ்டாக் இன்ஸ்பெக்டர். ஊர்க்காரர்கள் மரியாதைக்கு டாக்டர் என்பார்கள், நானும் இல்லையென்று சொன்னதில்லை. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. மாடு கன்று போட முடியாமல் கிடக்கிறது என்று ஆள் வந்தால் தோட்டம் துரவெல்லாம் ஓட வேண்டும். அதற்காக ராணுவ ஏலத்தில் வந்த ஒரு பழைய சீமை மோட்டார் சைக்கிளை வாங்கியிருந்தேன். கீர் வலது காலில், பிரேக் இடது காலில். எனக்கு முன்னால் நாலு பேரை உதைத்துத் தள்ளிவிட்டு வந்த வண்டி. ஆக்ஸிலேட்டரைத் திருகினால் சத்தம் மட்டும் முன்னால் போகும், வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். நிறுத்தினால் நியூட்ரல் கிடைக்காது. ரெண்டாவது கீர் போட்டால் பாதி வழியில் தானே கழன்றுகொள்ளும்.

அவருடைய கடை என்றால் ரோட்டோரம் நாலு கம்பு நட்டு ஓலை போட்ட ஒரு சாய்ப்பு. எதிரே டீக்கடை. கடைக்குப் பின்னால் சுவர் இருந்தது, அந்தச் சுவரில் முதுகைக் கொடுத்துத்தான் உட்காருவார். முதுகுக்குப் பின்னால் ஆள் நின்றால் ஸ்பேனரைக் கீழே வைத்துவிடுவார். காக்கிச் சட்டையில் கழுத்துப் பட்டன் வரை போட்டிருப்பார், எந்த வெயிலிலும். டீக்கடையில் தண்ணீர் கொதிப்பதைக் கண்ணால் பார்த்தால்தான் டீ குடிப்பார். எங்களிடம் எங்கள் தமிழ் பேசுவார், செக்போஸ்ட்டில் காவலுக்கு நிற்கிற கார்டிடம் சுத்தமான மலையாளம் பேசுவார். சொந்த ஊர் எது என்று கேட்டால் "மேலே இருந்துங்க" என்பார். மேலே என்றால் வடக்கா, மலையா? பீர்மேட்டு எஸ்டேட்டில் ஜீப்புகளோடு இருந்தவர் என்று ஒருவன் சொன்னான். ஜெயிலிலிருந்து வந்தவர் என்று இன்னொருவன் சொன்னான். கார்டுக்கு ஒற்றன் என்று அரிசி ஏற்றுகிறவர்கள் நினைத்தார்கள். அரிசிக்காரர்களின் கையாள் என்று கார்டு நினைத்தார். இரண்டு கூட்டமும் வண்டியை மட்டும் அவரிடம்தான் கொண்டுவந்து விட்டது, ஏனென்றால் கொல்லங்கோட்டுக்கும் பொள்ளாச்சிக்கும் இடையில் கிளட்சைத் தொடத் தெரிந்த ஆள் வேறு கிடையாது.

வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாக்கை விரித்து, இடப்பக்கத்து மூடியைக் கழற்றி, ஆயிலைத் தகர டப்பாவில் பிடிப்பார். ஸ்பிரிங்குகளைக் கழற்றி வரிசையாக வைப்பார். பிறகு பிளேட்டுகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். இரும்பு ஒன்று, கார்க் பதித்தது ஒன்று, மறுபடி இரும்பு. ஒவ்வொன்றையும் விரலால் வழித்து, மூக்கருகில் கொண்டுபோய் மோந்து பார்ப்பார். மோந்துவிட்டு வண்டிக்காரனின் முகத்தைப் பார்ப்பார். பிளேட்டை எவ்வளவு நேரம் பார்த்தாரோ அவ்வளவு நேரம் முகத்தையும் பார்ப்பார். நல்ல மனுஷனே அங்கே வேறு பக்கம் திரும்பிக்கொள்வான்.

"பாதி கிளட்ச்சுல ஓட்டறீங்க" என்றார் என்னிடம்.

"இல்லீங்களே."

"ரெண்டு விரல் எப்பவும் கிளட்ச் மேலயே இருக்குது. அப்படி ஓட்டறவங்களை நான் நம்பறதில்லீங்க. அவங்களுக்குப் போறதுக்கும் மனசில்லை, நிக்கறதுக்கும் மனசில்லை."

சுள்ளென்று கோபம் வந்தது, ஆனால் என்ன செய்ய, வண்டி பிரிந்து கிடக்கிறதே. புது பிளேட்டும் கார்க்கும் எங்கேயிருந்து பிடித்தாரோ, கார்க்கைத் துண்டு துண்டாக வெட்டி, எண்ணெயில் ஊறவைத்து, ஓட்டை ஓட்டையாகத் தட்டி இறக்கினார். கண்ணாடிச் சில்லின் மேல் உப்புத்தாளை வைத்து மட்டம் பார்த்துத் தேய்த்தார். கிளட்ச் டிரம்மில் பள்ளம் விழுந்த பற்களை அரம் போட்டுச் சமன் செய்தார். ரெண்டாவது கீர் கழன்றதற்குக் காரணம் கீர்ப் பெட்டிக்குள்ளே ஒரு சின்ன ஸ்பிரிங் தளர்ந்துபோனதுதான் என்று காட்டி அதையும் மாற்றினார். எல்லாம் முடிந்த பிறகு ஒரு காரியம் செய்தார். ஒவ்வொரு இரும்பு பிளேட்டின் விளிம்பிலும் பஞ்ச் வைத்துப் பக்கத்தில் பக்கத்தில் மூன்று புள்ளி அடித்தார்.

"எதுக்குங்க இது?"

"நாளைக்கு நீங்க வந்து, இது புதுசே இல்லை, பழசைப் போட்டு ஏமாத்திப்போட்டீன்னு சொல்லுவீங்க."

"நான் எதுக்குங்க அப்படிச் சொல்றேன்?"

"எல்லாரும் மொதல்ல இதையேதானுங்க கேக்கறாங்க."

ஓட்டிப் பார்க்க என்னைத்தான் அனுப்பினார். அவர் ஏறுவதில்லை. ரோட்டோரம் கண்ணை மூடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார். பாலம் வரைக்கும் போய்த் திரும்பினேன். வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி கீர் இறங்கியது. சந்தோஷத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு வந்து நின்றால், "ரெண்டுல இருந்து மூணுக்குப் போறப்ப கிளட்ச்ச முழுசாப் புடிக்கலீங்க" என்றார். பிடித்தேன் என்று சாதித்தேன். இல்லீங்க என்றார். உண்மையில் பிடிக்கவில்லைதான்.

இந்த மனுஷனிடம் எல்லாரும் ஒரு தடவையாவது மூக்குடைபட்டிருக்கிறோம். தென்னந்தோப்புக்குச் சொந்தக்காரரான பண்ணாடி ஒருவர், தன் வண்டியில் தன்னைத் தவிர யாரும் ஏறியதே இல்லை என்று டீக்கடைக்குக் கேட்கிற மாதிரி சொன்னார். இவர் பின்சக்கரத்தைப் பார்த்தார், ஸ்பிரிங்கைப் பார்த்தார், சீட்டைத் தடவினார். "பின்னால உக்கார்றவங்க ரெண்டு காலையும் இடப்பக்கமாத் தொங்கப்போட்டு உக்கார்றாங்க. பண்ணாடியம்மா நல்லா இருக்காங்களுங்களா?" என்றார். பண்ணாடியம்மா மூட்டுவலியில் வீட்டைவிட்டு இறங்கி வருஷம் மூன்றாகிறது என்று ஊருக்கே தெரியும். டீக்கடையில் ஒருவன் டீயைத் துப்பிவிட்டுச் சிரித்தான். பண்ணாடி அதோடு இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. மெக்கானிக் மட்டும் சிரிக்கவில்லை, நல்லா இருக்காங்களா என்று நிஜமாகவே கேட்டது போல அடுத்த போல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

இன்னொருவன் வந்து, போட்ட பிளேட் மட்டமானது என்று சண்டை பிடித்தான். இவர் மூடியைக் கழற்றி, பிளேட்டை எடுத்துக் கூட்டத்துக்குக் காட்டினார். விளிம்பில் புள்ளி இல்லை. வேறெங்கோ மாற்றிக்கொண்டு வந்து இவர் தலையில் கட்டப் பார்த்திருக்கிறான். வந்தவன் அசடு வழிய வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான்.

சித்திரையில் அவர் சரிசெய்த என் வண்டி, புரட்டாசியில் மறுபடி படுத்துவிட்டது. அதே வழுக்கல். ஒரு கிடேரிக்குக் கன்று திரும்பிக் கிடக்கிறது என்று கூப்பிட்டிருந்தார்கள், மேட்டில் ஏற மாட்டேன் என்று வண்டி நின்றுவிட்டது. நான் வேர்க்க விறுவிறுக்க நடந்துபோய்ச் சேர்ந்தபோது கிடேரி செத்திருந்தது. அந்த வீட்டுப் பெண் மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுததைப் பார்த்துவிட்டுத்தான் நேராக அவர் கடைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன்.

காலை பத்து மணி இருக்கும். டீக்கடை நிறைய ஆள். செக்போஸ்ட் கார்டு பெஞ்சில் உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். மெக்கானிக் மூடியைத் திறந்து பிளேட்டுகளை எடுத்தார். இரும்பெல்லாம் நீலம் பாய்ந்திருந்தது. கார்க் கரியாகிக் கையோடு உதிர்ந்தது. அவர் மோந்து பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு, எப்போதும் செய்யாத ஒன்றாக, எதிரே கார்டைப் பார்த்தார்.

"ஆறு மாசத்துல இப்படிக் கருகுமாங்க?" என்று கத்தினேன். "என்னமோ கார்க்கு, எண்ணெயி, உப்புத்தாளுன்னு பெரிய வித்தை காமிச்சீங்களே! எவனோ தேச்சுப்போட்ட பழைய பிளேட்டை என் வண்டியில போட்டு உட்டுட்டீங்க. ஒரு உசுரு போச்சுங்க இன்னைக்கு! இது திருட்டு இல்லாம வேற என்னங்க?"

கார்டு பீடியோடு எழுந்து வந்தார். "எந்தா டாக்டரே, எந்தா ப்ரஷ்னம்?"

மூன்று புள்ளியைக் காட்டியிருந்தால் ஒரு நிமிஷத்தில் என் வாய் அடைபட்டிருக்கும். அவர் பிளேட்டுகளைச் சேர்த்து அடுக்கிச் சாக்குத் துணியில் சுற்றிக்கொண்டே, கார்டிடம் சொல்லாமல் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்.

"பழசுதானுங்க போட்டேன். தப்பு எம்மேலதான்."

கூட்டத்தில் ஆளுக்கு ஆள் தங்கள் வண்டியில் என்னென்ன போயிருக்கும் என்று கணக்குப் போட ஆரம்பித்தார்கள். கார்டு "கள்ளன்!" என்று சிரித்துவிட்டுப் பெஞ்சுக்குத் திரும்பினார். எனக்கு ஜெயித்துவிட்ட மமதை. அவர் அன்று சாயங்காலத்துக்குள் புது பிளேட்டும் கார்க்கும் போட்டு வண்டியைக் கொடுத்துவிட்டார். கொடுக்கும்போது சாக்குச் சுற்றலையும் என் கையில் திணித்தார்.

"இது இங்க கெடக்கக் கூடாதுங்க. ஊட்டுக்குக் கொண்டு போயிருங்க."

வெட்கத்தில் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் ஞாயிறு. யாரிடமாவது காட்டி அவர் மானத்தை இன்னும் கொஞ்சம் வாங்கலாமே என்ற எண்ணத்தில், வாசலில் உட்கார்ந்து பிளேட்டுகளை மண்ணெண்ணெய் போட்டுக் கழுவினேன். கரி போனதும் விளிம்பில் மூன்று புள்ளி தெரிந்தது. அடுத்ததில் மூன்று. எல்லாவற்றிலும் மூன்று மூன்று. சித்திரையில் என் கண்முன்னால் அடித்த அதே புள்ளிகள்.

அப்படியானால் என் பிளேட்டைக் கருக்கியது யார்? நான் ஓட்டியதில் இப்படி ஆகாது. அந்த நேரம் பார்த்து என் மச்சினன் தலையைச் சீவிக்கொண்டு வெளியே வந்தான். பெண்டாட்டியின் தம்பி, இருபத்திரண்டு வயசு, வேலை தேடிக்கொண்டு எங்கள் வீட்டோடு இருந்தான். "மாமா, சாவி குடுங்க. அம்மாவப் பாத்துட்டு வந்தர்றேன்" என்றான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆனைமலைக்குப் போய் அம்மாவைப் பார்க்கிற பிள்ளை. என் கையில் கருகின பிளேட்டைப் பார்த்ததும் முகம் வெளிறிப்போயிற்று.

எல்லாவற்றையும் கக்கினான். அரிசியோடு செக்போஸ்ட் வழியாக வந்தால் பிடிப்பார்கள் என்று இட்டேரி வழியாக வருவானாம். வேலிக்கு நடுவே போகிற வண்டிப்பாதை, முழங்கால் மணல். டேங்கின் மேல் ஒரு மூட்டை, பின்னால் ஒரு மூட்டை. முதல் கீரில் பாதி கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டே மூன்று மைல். வீட்டுக்கு வந்தது கொஞ்சம், மீதி கொல்லங்கோட்டில் ஒரு கடைக்கு.

நான் கையை ஓங்கினேன். என் மனைவி குறுக்கே வந்து நின்றாள்.

"அவனை எதுக்குங்க அடிக்கறீங்க? ஆறு மாசமா வட்டல் நெறையத் தின்னீங்கல்ல? சோறு பூவாட்டம் இருக்குதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க. அது எங்கிருந்து வந்துச்சுன்னு ஒரு நாளாச்சும் கேட்டீங்களா?"

கேட்கவில்லை. ஊரில் ஒருவரையும் நம்பாதவன் என்று நான் யாரைத் திட்டிக்கொண்டிருந்தேனோ, அவர் என் வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டிருந்தால் முதல் கவளத்திலேயே கேட்டிருப்பார். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

சாயங்காலம் போனேன். கடையில் ஒரு வண்டிகூட இல்லை. சுவரில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்து ஸ்பேனர்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்றுமே தெரியாது, மச்சினன் செய்த வேலை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். அவர் என் முகத்தையே பார்த்தார்.

"தெரியாதுங்களா?"

"சத்தியமாத் தெரியாதுங்க."

"வண்டி உங்குளுது. சாவி உங்க கையில. தெரியாதுங்கறீங்க." கொஞ்ச நேரம் ஸ்பேனரைத் துடைத்தார். "நேத்து நீங்க சத்தம் போட்டது கார்டு காதுல உழோணும்னுதான்னு நெனச்சேனுங்க. டாக்டரு நல்லா நடிக்கறாரு, நாமளும் ஒத்து ஊதீருவோம்னுதான் ஆமான்னு தலையாட்டுனேன்."

அடப்பாவி மனுஷா! நான் அவரைத் திருடன் என்று நினைத்த அதே நேரத்தில் அவர் என்னை அரிசி கடத்துகிறவன் என்று நினைத்துக்கொண்டு, அந்தக் கடத்தல்காரனின் உத்தியோகம் போகக் கூடாது என்று தன் தலையில் பழியைப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

"எதுக்குங்க எனக்காக அப்படிச் சொன்னீங்க?"

"உங்களுக்காக இல்லீங்க. பிளேட்டுல என்ன பாக்கறனோ அதை நான் வண்டிக்காரங்களைத் தவிர வெளிய சொன்னதில்லீங்க. நீலம் பாஞ்சிருக்குது, பாரம் ஏத்தியிருக்குதுன்னு கார்டு முன்னால சொன்னா அப்பறம் எவன் என்கிட்ட வண்டியத் தொறக்க உடுவான்?" கழுத்துப் பட்டனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "ஆனா இப்படி ஆகும்னு நெனைக்கலீங்க. நேத்துல இருந்து ஒருத்தரும் வரலை. நீங்க ஒண்ணு பண்ணோணும். காரணம் சொல்ல வேண்டாம். அரிசி, மச்சினன் எதுவும் வேண்டாம். அதே டீக்கடையில நின்னு, நான் சொன்னது தப்பு, அந்த ஆளு பழசு போடலைன்னு ஒரு வார்த்தை சொல்லீருங்க. எனக்கு அது போதும்."

"காத்தால மொத வேலையாச் சொல்றேனுங்க."

பார்த்தார். பிளேட்டை மோந்துவிட்டுப் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

"சொல்ல மாட்டீங்க" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. ஸ்பிரிங் போச்சுங்க என்பது போலச் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. "என்னை என்னன்னு நெனச்சுட்டீங்க? எல்லாரையும் உங்களாட்டம் நெனைக்காதீங்க!" என்று சத்தம் போட்டுவிட்டு வந்தேன். மன்னிப்புக் கேட்கப் போன இடத்தில் சண்டை பிடித்துவிட்டு வந்தவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

மறுநாள் காலை டீக்கடைக்குப் போனேன். சொல்லத்தான் போனேன். பெஞ்சில் கார்டு உட்கார்ந்திருந்தார். பழசு போடவில்லை என்று நான் சொன்னால், பின்னே எப்படி டாக்டரே ஆறு மாசத்தில் கருகியது என்று அவர் கேட்பார். கேட்காமல் விடுகிற ஆள் இல்லை. வேலை நிரந்தரமாகும் கடிதம் எந்த வாரமும் வரலாம். மச்சினன் ஜெயிலுக்குப் போனால் வீட்டில் முகத்தில் விழிக்க முடியாது. டீயைக் குடித்துவிட்டு, இந்த வருஷம் மழை எப்படி என்று பேசிவிட்டு எழுந்தேன். கார்டு இல்லாத நேரமாகப் பார்த்துச் சொல்லலாம் என்று நினைத்தேன். கார்டு இல்லாத நாளில் கூட்டம் இல்லை, கூட்டம் இருந்த நாளில் கார்டு இருந்தார். எதிரே சாய்ப்பில் அவர் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்து, பிறகு நான் டீயையே வேறு கடைக்கு மாற்றிக்கொண்டேன்.

ஐப்பசியில் ஒருநாள் மழை விட்டிருந்தது. டவுனுக்குப் போய்விட்டு வரும்போது டீக்கடை முன்னால் பஸ் நின்றிருந்ததால் வண்டியை நிறுத்த வேண்டி வந்தது. எதிரே சாய்ப்பு பிரித்துக் கிடந்தது. அவர் பஸ்ஸின் கூரைமேல் ஒரு மரப்பெட்டியை ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்தார். ஆனைக்கரைப் பக்கம் ஏலக்காய்த் தோட்டத்து ஜீப்புகளுக்கு வேலை பார்க்கப் போகிறார் என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். கூரையிலிருந்து இறங்கும்போது என்னைப் பார்த்தார். நான் கூப்பிட்டிருக்கலாம். கூட்டம் இருந்தது, கார்டும் இருந்தார், எல்லாரும் என் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் ஏறி உட்கார்ந்தார். பஸ் நகர்ந்தது.

டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே, "நல்லவேளை டாக்டருங்க, நீங்க கண்டுபுடிச்சீங்க. இல்லாட்டி இந்தக் களவாணி ஊரையே ஏமாத்தீருப்பான்" என்றார்.

"ஆமாங்க" என்றேன்.